உஷார்! ‘நாம பார்க்காத வெயிலா?’

கோடை பிறந்ததும் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு கேட்கிற பேச்சு இது. தாத்தா சொல்வார், கட்டட மேஸ்திரி சொல்வார், விளையாட்டு விழாவுக்காகப் பிள்ளைகளை மைதானத்தில் நிற்கவைத்திருக்கும் பி.டி. மாஸ்டரும் சொல்வார். இனிமேல் யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே மறித்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இப்போது அடிப்பது நாம் பார்த்த வெயில் இல்லை.

2024-ல் உலகத்தின் சராசரி வெப்பம், தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. கருவி வைத்து அளக்கத் தொடங்கிய பிறகு அவ்வளவு சூடான வருஷம் வந்ததில்லை. ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றும். 98.6-ல் இருக்கவேண்டிய குழந்தையின் உடம்பு 101-ஐத் தாண்டினால் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறோம். அந்த வித்தியாசமும் செல்சியஸ் கணக்கில் ஒன்றரை டிகிரிதான். அதுவும் இந்தச் சராசரி கடலையும் பனிமலையையும் ராத்திரியையும் பகலையும் சேர்த்துப் போட்டது. நிலத்தில், ஊரில், தெருவில், தகரக் கூரைக்குக் கீழே அது எப்படி இறங்குகிறது என்பது வேறு கதை.

அந்தக் கதையில் ஒன்றை நான் நேரில் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் கத்திரி வெயிலில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் பின்கட்டில் தகரக் கொட்டகை, அதற்குக் கீழே நாலு பெரிய அடுப்பு. காலை டிபன் முடிந்து பதினொரு மணி இருக்கும். சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர், சம்பந்தமே இல்லாமல் எடுபிடிப் பையனைப் பார்த்து, “பஸ் எத்தனை மணிக்குடா?” என்று கேட்டார். பையன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் காரணமில்லாமல் எல்லாரையும் திட்டத் தொடங்கினார். “அண்ணனுக்கு இன்னிக்கு கோவம்” என்று மற்றவர்கள் விலகிப்போனார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உடம்பெல்லாம் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அதனாலேயே இது வெயில் வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. சுகர் இறங்கிவிட்டது, வாயில் சர்க்கரை போடு என்றார் ஒருவர். சோடா உடைத்துக் கொண்டுவந்தார்கள். நல்லகாலம், பெண் வீட்டு அத்தை ஒருவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடிவந்து நெற்றியில் கைவைத்தவர், சோடாவைத் தட்டிவிட்டு, “அண்டாத் தண்ணியக் கொண்டாங்க” என்று அலறினார். பாத்திரம் கழுவ நிரப்பி வைத்திருந்த தண்ணீர் அவ்வளவையும் மாஸ்டர் மேல் ஊற்றினார்கள். ஐஸ்கிரீம் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஐஸ்கட்டியை எடுத்துத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தார் அத்தை. இரண்டு பேர் சாப்பாட்டுத் தட்டால் விசிறிக்கொண்டே இருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மாஸ்டர் தன் பெயரைச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை சொன்னதை நான் மறக்கவில்லை. “அவர் விழுந்ததப் பாத்து ஓடிவந்தீங்க. பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டார் பாரு, அப்பவே தண்ணிய ஊத்தியிருக்கணும்.”

ஹீட் ஸ்ட்ரோக் என்பது இதுதான். உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முதலில் குழம்புவது மூளை. பேச்சு உளறும், நடை தள்ளாடும், சாதுவான ஆள் எரிந்துவிழுவார். தோல் காய்ந்து கொதிக்கும் என்று படித்திருப்போம். வீட்டுக்குள்ளேயே வெந்துபோகும் வயதானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் உழைத்துக்கொண்டிருக்கும்போது தாக்கினால் வேர்வை கொட்டிக்கொண்டேகூட இருக்கும். வேர்க்கிறதே, பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

உடம்பு தன் சூட்டை எப்படித் தணித்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள சமையலறை மூலையில் ஒரு மண்பானை இருந்தால் போதும். பானை வேர்க்கும். அந்த ஈரம் காற்றோடு போகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். நம் தோலும் ஒரு பானைதான். வெளிக்காற்றின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஏறக்குறைய நம் தோலின் சூடும் அவ்வளவுதான் என்பதால், சும்மா காற்றுபட்டு உடம்பு குளிர வழியே கிடையாது. வேர்வை ஆவியாகவேண்டும். அது ஒன்றுதான் மிச்சமிருக்கிற கதவு.

அந்தக் கதவு எப்போது அடைபடும்? பானைத் தண்ணீர் எந்த நாளில் குளிராமல் இருக்கிறதோ அந்த நாளில். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாது, சொட்டும். சொட்டுகிற வேர்வையால் உடம்புக்கு ஒரு குளிர்ச்சியும் இல்லை, தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். இதைத்தான் நாம் புழுக்கம் என்கிறோம். டி.வி.யில் ‘இன்று 42 டிகிரி’ என்று சொன்னால் பயப்படுகிறோம். ‘36 டிகிரி, கொஞ்சம் புழுக்கம்’ என்றால் கிளம்பிவிடுகிறோம். பல நாள் அந்த 36-தான் அந்த 42-ஐவிடக் கொடியது.

விஞ்ஞானிகள் இதை அளக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளப்பார்கள். வேர்த்த உடம்பு எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டிவிடும். இந்த ஈரக்குமிழ் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டால், எவ்வளவு ஆரோக்கியமான ஆளாக இருந்தாலும், நிழலில், ஃபேன் அடியில், கையில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாலும், சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹியூபர் என்ற இருவர் எழுதினார்கள். எந்தப் பழக்கமும் அங்கே உதவாது. அப்புறம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை ஓர் அறைக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லை அதற்கும் கீழே, ஈரக்காற்றில் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால், 38 டிகிரி வெயிலும் காற்றில் 60 சதவீத ஈரப்பதமும். அந்த இடத்தில், வீட்டு வேலை போன்ற லேசான வேலை செய்யும் இருபது வயது உடம்பே தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறத் தொடங்குகிறது. அறுபது வயதுக்கு எல்லை இன்னும் கீழே.

கடலோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுங்கள். சென்னையில் மதியம் கடற்காற்று எப்போது உள்ளே வரும் என்று காத்திருப்போம் அல்லவா, கராச்சிக்காரர்களும் அப்படித்தான் காத்திருப்பார்கள். 2015 ஜூனில் அரபிக்கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு, நகரத்துக்கு வரவேண்டிய கடற்காற்றை நிறுத்திவிட்டது. வெப்பம் 45 டிகிரியை ஒட்டி ஏறியது. நோன்பு மாதம், பகலில் தண்ணீர் குடிக்காதவர்கள் நிறைய. கூடவே மின்வெட்டு. சில நாட்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஈதி அறக்கட்டளையின் பிணவறையில் உடல்களை வைக்க இடமில்லை. கராச்சி மக்களுக்கு வெயில் புதிதா? அவர்களும் பார்க்காத வெயில் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நம் ஊரிலும் நடந்தது. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி. லட்சக்கணக்கான ஜனம், நிழல் கிடையாது, நகர இடம் கிடையாது. ஐந்து பேர் இறந்தார்கள். மாதத்தைக் கவனியுங்கள், அக்டோபர். கத்திரி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வெப்பம் 40-ஐத் தொடவும் இல்லை.

பழக்கம் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. உடம்பு பழகும். ஒன்றிரண்டு வாரம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால் ரத்தத்தின் நீர் கூடும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், உப்பை உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும், அதற்கு ஓர் எல்லையும் உண்டு. விட்டுவிட்டால் சில வாரங்களில் போய்விடும். வெயிலில் வேலை செய்து இறப்பவர்களில் பெரும்பங்கு பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில்தான் இறக்கிறார்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பிய கொத்தனாரை, நேற்று வந்த வடமாநிலத்துப் பையனை, முதல் நாளே முழுநாள் கான்கிரீட் போட வைக்காதீர்கள். மேஸ்திரிமார்களே, இது உங்களுக்குத்தான்.

பகலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது ராத்திரி.

பகலெல்லாம் வெந்த உடம்பு ராத்திரியில்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ராத்திரியும் சுட்டால் இதயத்துக்கு ஓய்வே கிடையாது. சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்ற இதயம் ரத்தத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் இறைக்கவேண்டும். தோலுக்குப் போன ரத்தம் குடலுக்குக் குறையும், குடலின் சுவர் கசிந்து கிருமிகளின் நஞ்சு ரத்தத்தில் கலக்கும், சிறுநீரகம் வற்றும். மூன்றாவது நாள், நான்காவது நாள் விடியற்காலையில் ஒரு முதியவர் எழுந்திருப்பதில்லை. ‘தூக்கத்துலயே போயிட்டார், நல்ல சாவு’ என்கிறோம். மாரடைப்பு என்று எழுதிவிடுகிறார்கள்.

2003 ஆகஸ்ட்டில் பாரிஸில் இதுதான் நடந்தது. உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்று, மருத்துவத்துக்குக் குறைவில்லாத நாடு. ஆகஸ்ட் என்றால் அங்கே குடும்பங்கள் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்விடும். வயதானவர்கள் வீட்டில் தனியாக இருந்தார்கள். பாரிஸின் பழைய கட்டடங்களுக்குத் துத்தநாகத் தகட்டுக் கூரை. அதற்கு நேர்கீழே மேல்மாடிச் சிற்றறைகள். ராத்திரியிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வந்தன. நமக்கு 25 டிகிரி ராத்திரி குளுகுளு என்றிருக்கும். தகட்டுக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த அந்த உடம்புகளுக்கு அது போதவில்லை. பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர், ஐரோப்பா முழுக்க 70,000-க்கும் மேல். யாரும் வந்து கேட்காத 57 உடல்களை செப்டம்பரில் தியே இடுகாட்டில் அரசே அடக்கம் செய்தது. ஜனாதிபதி ழாக் சிராக் வந்து நின்றார்.

அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1995 ஜூலையில், அமெரிக்காவின் சிகாகோ. 700-க்கும் மேற்பட்ட மரணங்கள். பிணவறை நிரம்பி, குளிரூட்டிய லாரிகளை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். எரிக் க்ளைனென்பர்க் என்ற சமூகவியலாளர் அந்த மரணங்களைத் தெருத்தெருவாகப் போய் ஆராய்ந்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேட்டைகள், வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள், ஒரே வெயில். வடக்கில் இறந்தவர் விகிதம் தெற்கைப்போலப் பத்து மடங்கு. வடக்கில் கடைகள் மூடிக்கிடந்தன, வீடுகள் இடிந்துகிடந்தன, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, முதியவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். தெற்கில் கடைத்தெரு இருந்தது, கூட்டம் இருந்தது, கிழவர்கள் வெளியே வந்து குளிர்ச்சியான ஒரு கடைக்குள் போய் நின்றார்கள். படித்தபோது எனக்கு நம் அடுக்குமாடிகள்தான் நினைவுக்கு வந்தன. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, கடைசி மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்கள்.

கனடா குளிர்நாடு என்று நினைக்கிறோம். 2021 ஜூன் கடைசியில் அந்த நாட்டின் மேற்கில் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அந்த வெப்பத்தில் 619 பேர் இறந்ததாக மரண விசாரணை அலுவலகம் கண்டறிந்தது. நூற்றுக்கு 98 பேர் இறந்தது வெயிலில் அல்ல, வீடு போன்ற கட்டடங்களுக்குள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் அவர்களில் அளவுக்கு மீறி இருந்தார்கள். ‘வெளியே போகாதீங்க, வீட்டுக்குள்ளயே இருங்க’ என்ற அறிவுரை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வீடே அடுப்பாக இருந்தால்?

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வெள்ளம் வந்தால் பிணம் மிதக்கும், புயல் வந்தால் மரம் சாயும், கேமரா ஓடிவரும். வெப்பம் கொன்றால் ஒரு தடயமும் இல்லை. 2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 டிகிரி. வெப்பத்தால் என்று அப்போது பதிவானவை சொற்பம். பிற்பாடு ஆய்வாளர்கள் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை எடுத்து, முந்தைய வருஷங்களின் மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த ஒரு மாதத்தில் கூடுதலாக இறந்தவர்கள் 1,344. உலகம் முழுக்க, 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்குச் சுமார் 4,89,000 பேர் வெப்பத்தால் இறந்திருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறக்குறையப் பாதி ஆசியாவில். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு, மனமார வரவேற்கிறேன். ஆனால் வெப்பத்தால் இறந்தார் என்று பதிவானால்தானே அந்தப் பணம்? மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை, நாட்டுக்கும் கணக்கு இல்லை.

அகமதாபாத் அந்த அடியிலிருந்து பாடம் கற்றது. அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில், கூரைக்கு நேர்கீழே இருந்தது. அந்த 2010 கோடையில் பச்சிளங்குழந்தைகள் உடம்பு கொதித்துத் தீவிர சிகிச்சைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அடுத்த கோடையில் அப்படி வரும் குழந்தைகள் குறைந்துபோனார்கள். புது மருந்து இல்லை, கோடி ரூபாய்க் கருவி இல்லை, கட்டிலைக் கீழே இறக்கியதுதான். 2013-ல் தெற்காசியாவிலேயே முதலாக ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை அந்த நகரம் கொண்டுவந்தது: முன்கூட்டியே எச்சரிக்கை, கூரைகளுக்கு வெள்ளைப்பூச்சு, தண்ணீர்ப் பந்தல், மருத்துவர்களுக்குப் பயிற்சி. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் தப்புவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கையைப் பிசைந்துகொண்டு உட்காரவேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது ஒரேயடியாக விழுகிறவர்களைப் பற்றி. விழாமலே உள்ளுக்குள் கரைகிறவர்கள் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் முப்பது வயது, நாற்பது வயது ஆண்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை நோய் இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. குறைந்தது 20,000 பேர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வேறு காரணங்களும் கூடச் சேர்ந்திருக்கலாம் என்ற விவாதம் தொடர்ந்தாலும், நாள் தவறாமல் கடும் வெப்பத்தில் உடம்பு வற்ற வற்றக் கரும்பு வெட்டியதுதான் முக்கியக் காரணமாகப் பார்க்கப்படுகிறது. நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றையும் முறையாகக் கொடுத்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. வளைகுடா நாடுகளில் கட்டட வேலைக்குப் போய், டயாலிசிஸ் நோயாளியாக ஊர் திரும்பும் நேபாள இளைஞர்களும் இதே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வேலையிடங்களில் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது நம் ராமநாதபுரத்துப் பையன், பெரம்பலூர்ப் பையன்.

உப்பளத்துக்கு வாருங்கள். தலைக்கு மேலே சூரியன், காலுக்குக் கீழே வெள்ளை உப்பு, அதிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கும் ஒளி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரை ஆராய்ந்ததில், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் வேலை செய்யும் வேகம் குறைந்திருந்தது. பெண்களுக்கு இதில் இன்னொரு கொடுமை. கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். குடித்தால் போகவேண்டுமே, எங்கே போவது? கையில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத நிலையில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, ‘நிறைய தண்ணீர் குடியுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டினால் என்ன பயன்?

அதே குழு திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. வயலில், செங்கல் சூளையில், உப்பளத்தில் நிற்கும் கர்ப்பிணிக்கு வேலை நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொடுக்க யார் அனுமதி வேண்டும்? ‘அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே புள்ள பெத்தோம்’ என்று பாட்டிகள் சொல்லும்போது, அந்தக் காலத்தில் அப்படிப் பெறாமல் போன பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பம் தானாகக் கொல்வது ஒரு பக்கம், கொசுவுக்குக் கதவு திறந்துவிடுவது இன்னொரு பக்கம். ஏடிஸ் கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் முற்றுவதற்கு ஆகும் நாள், சூடு கூடக்கூடக் குறையும். கொசு சாவதற்குள் அதிகம் பேரைக் கடிக்கும். மலைநாடு, நமக்கு வராது என்றிருந்த நேபாளத்தில் 2022-ல் 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு. 1,400 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டுவும் தப்பவில்லை. 2024-ல் உலகம் முழுக்க 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல், அதுவரை இல்லாத உச்சம். அதே 2022-ல் பாகிஸ்தானை வெள்ளம் மூழ்கடித்த பிறகு, தண்ணீர் வடியாத சிந்து மாகாணத்தில் மலேரியா காட்டுத்தீயாகப் பரவியது. நம் ஊர்க் கோடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் டிரம்மிலும் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம், ஏடிஸுக்கு அதுதான் பிரசவ அறை. மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

இனி, கையில் எடுக்கவேண்டியவை. வானிலைச் செய்தியில் டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள், ஈரப்பதத்தையும் ராத்திரி வெப்பத்தையும் பாருங்கள். வீட்டில் யாராவது ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரையோ மனநல மருந்தோ சாப்பிட்டால், கோடைக்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பற்றிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலினைக் கரன்ட் போகும் வீட்டில் அலமாரியில் வைக்காதீர்கள். முதியவர்களுக்குத் தாகமே தெரியாது; கேட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டுக் குடித்தாரா என்று பாருங்கள். காற்று 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் வீட்டில் வெறும் ஃபேன் காற்று உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும்; உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைப்பூச்சு அடியுங்கள், கோடைக்கு முன்னால். ஏ.சி. வைத்திருப்பவர்கள் அது வெளியே தள்ளும் அனல் எந்த வீட்டு ஜன்னலைப் பார்த்துப் போகிறது என்று ஒருமுறை இறங்கி நின்று பாருங்கள்.

ஒருவர் உளறினால், தள்ளாடினால், சுருண்டால், முதலில் குளிரவைப்பது, பிறகுதான் கொண்டுபோவது. 108-ஐ அழைத்துவிட்டு, வருவதற்குள் நிழலில் கிடத்தித் துணியைத் தளர்த்தித் தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். முதல் அரைமணி நேரத்தில் சூடு இறங்கினால் உயிர் நிற்கும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரைக்கு இங்கே வேலையும் இல்லை, ஈரலுக்குக் கேடு வேறு.

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர்கீழே, ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில். போன கோடையில் நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டோம். மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை கதவைத் தட்டுவது. புழுக்கம் தாங்காத ராத்திரிகளில் அவர் கீழே எங்கள் கூடத்தில் வந்து படுத்துக்கொள்வது. முதலில் கூச்சப்பட்டார். “நான் பார்க்காத வெயிலா தம்பி?” என்றார். பிறகு வந்தார். அவர் வீட்டு மாற்றுச் சாவி இப்போது எங்கள் வாசல் ஆணியில் தொங்குகிறது.